கொக்கி கழன்ற ஜிப்சியும் சாயல்குடிப் பனங்காடும்

சென்ற ஆண்டு ஆனி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, தேவிபட்டினத்துக்கு வடக்கே கழியோரமாகச் செல்லும் ஒரு வண்டிப்பாதையில், என் மாருதி ஜிப்சி ஜீப்பின் பின்புற இழுவைக் கொக்கி, தன்னைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டுகளோடும் உள்ளங்கை அளவு சேஸிஸ் (அடிச்சட்டம்) தகட்டோடும் பிய்ந்து பறந்தது. மேலே வெள்ளையாகக் காய்ந்து கிடந்த உவர்ப்பொருக்கை நம்பி வண்டியை இறக்கியிருந்தேன். பொருக்குக்கு ஒரு சாண் கீழே கறுப்பு உளை இருந்தது. முன் அச்சு வரை புதைந்த வண்டியைப் பின்னாலிருந்து மண்டபத்து நண்பரின் மஹிந்திரா தார் ஜீப் இழுத்தது. இரண்டாவது இழுப்பில் கொக்கி கழன்று, இழுவை பெல்ட்டின் விசையோடு போய், தாரின் பின்கதவில் தொங்கிய ஸ்டெப்னி டயரில் மோதி விழுந்தது. அந்த டயர் அங்கே இல்லாதிருந்தால் அது கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கும். உள்ளே நண்பரின் பத்து வயது மகன் உட்கார்ந்திருந்தான்.

வண்டியை வெளியே எடுக்க மேலும் மூன்று மணி நேரம் ஆயிற்று. அதுவரை முன் அச்சு உப்புநீரிலேயே கிடந்தது. அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் அந்தக் கொக்கியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கொக்கியில் எந்தக் குறையும் இல்லை, போல்ட்டுகளும் அறுபடவில்லை. அவற்றைப் பிடித்திருந்த தகடுதான் உள்பக்கமாக அரித்து, அப்பளம்போல் ஆகியிருந்தது. ஆடி முதல் மார்கழி வரை நான் செய்த வேலைகளும், அதன்பின் மாசியில் ஐந்து வண்டிகள் சேர்ந்து போன பயணத்துக்குப் போட்ட திட்டமும் அந்தத் தகட்டிலிருந்து தொடங்கியவை. இந்தக் கடற்கரையில் ஆஃப்ரோடு வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் அளவுகளோடு எழுதுகிறேன்.

வண்டி 2008-இல் பதிவான பெட்ரோல் ஜிப்சி. 1.3 லிட்டர் என்ஜின், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், முன் சக்கரங்களில் கையால் திருப்பிப் பூட்டும் ஹப், 205/70 ஆர்15 டயர். எடை ஒரு டன்னைச் சுற்றியே இருப்பதால் மணலுக்கு ஏற்ற வண்டி. விபத்துக்குப் பிறகு நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்: இரண்டு அங்குலம் உயர்த்திவிடலாம், டயரைப் பெரிதாக்கலாம், முன்னால் இரும்புக் கம்பி பம்பர் போடலாம் என்று. மூன்றையும் நான் ஏற்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இரும்புக் கம்பி பம்பருக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. பதினைந்து ஆண்டுகள் தாண்டிய வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோய்ப் பதிவைப் புதுப்பித்து வைத்திருக்கும் எனக்கு இது ஏட்டளவிலான சட்டம் அல்ல. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அகலம் குறைந்த ஜிப்சியை உயர்த்தினால் அதன் எடை மையம் மேலே ஏறும், முன் அச்சின் சாய்கோணம் மாறி ஸ்டியரிங் அலையும். அத்தனையும் செய்து முடித்தாலும், அரித்துப்போன சேஸிஸ் அரித்துப்போனதாகவே இருக்கும்.

முதல் வேலை கழுவுவது. இரண்டு நாள் நல்ல தண்ணீரால் அடியிலிருந்து கழுவினேன். சேஸிஸின் பெட்டி வடிவக் குழாய்க்குள் தண்ணீர்க் குழாயை நுழைத்து, மறுமுனையில் தெளிந்த நீர் வரும்வரை விட்டேன். முதல் அரை மணி நேரம் கறுப்புச் சேறும் துருச் செதிலும் மட்டுமே வந்தன. நீர் வடிவதற்காகத் தொழிற்சாலையில் விட்டிருந்த துளைகள் அனைத்தும் அடைபட்டிருந்தன. உப்புச்சேறு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் தன்மை உடையது. அது குழாய்க்குள் தங்கிவிட்டால், வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே இரும்பு கரைந்துகொண்டிருக்கும். தனுஷ்கோடிக்கு 2017-இல் தார்ச்சாலை திறக்கப்படும் முன், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலிலும் ஆழமில்லாத நீரிலும் ஆட்களை ஏற்றிச் சென்ற வேன்களின் அடிப்பாகத்தைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒட்டுப் போடாத வண்டியைக் கண்டதாக நினைவில்லை.

கழுவிக் காய்ந்தபின், சிறு சுத்தியலால் சேஸிஸ் முழுவதையும் நான்கு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்த இடம் சத்தத்தை விழுங்கிவிடும். சத்தம் மாறிய இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிட்டேன். பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் மூன்று, வலப்பக்க நீளச் சட்டத்தில் ஸ்பிரிங் தாங்கிக்கு மேலே ஒன்று, பாடி உட்காரும் இடங்களில் இரண்டு என ஆறு வட்டங்கள் விழுந்தன. வட்டமிட்ட இடங்களைக் கூரான உளியால் குத்தியபோது நான்கில் உளி உள்ளே போயிற்று.

வெட்டி ஒட்டும் வேலையை இராமநாதபுரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்தோம். ஜிப்சியின் பெட்ரோல் டேங்க் பின்பக்கம் இருப்பதால், அதைக் கழற்றி வண்டியிலிருந்து தள்ளி வைத்த பிறகே தீயைப் பக்கத்தில் கொண்டுவரச் சம்மதித்தேன். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, ஏனெனில் அதில் இருப்பது ஆவி. பேட்டரி இணைப்பையும் என்ஜின் கணினியின் இணைப்பையும் கழற்றினோம். கெட்ட தகட்டை, நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டி எடுத்தோம். பட்டறைக்கார அண்ணன் முதலில் சதுரத் துண்டு வைக்கப் போனார். நீளச் சட்டத்தில் குறுக்காக நேர்க்கோட்டில் பற்றவைப்பு விழுந்தால், சட்டம் முறுகும்போது அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும் என்று சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப மீன் வால் மாதிரி வெட்டிக்கிருவோம் தம்பி, பாயிற வெயிட்டு ஒரே எடத்துல நிக்காது” என்றார். 3 மில்லிமீட்டர் தகட்டை இரு முனைகளிலும் சரிவாக வெட்டி, ஒரே மூச்சில் ஓட்டாமல், அங்குலம் அங்குலமாக இடம் மாற்றிப் பற்றவைத்து ஆறவிட்டார். அவசரப்பட்டு ஒரே ஓட்டமாக ஓட்டினால் சூட்டில் சட்டம் வளைந்துவிடும்.

கொக்கி உட்காரும் இடத்துக்குத்தான் அதிக நேரம் கொடுத்தேன். பெட்டி வடிவச் சட்டத்தில் போல்ட்டை முறுக்கினால் இரண்டு தகடுகளும் உள்ளே ஒடுங்குமே தவிர, இறுக்கம் நிற்காது. ஆகவே ஒவ்வொரு போல்ட் துளைக்குள்ளும் சட்டத்தின் உள் அகலத்துக்குச் சரியாக அறுத்த கனமான குழாய்த் துண்டு ஒன்றை வைத்துப் பற்றவைத்தோம். போல்ட் அதன் வழியே போகும், இறுக்கம் குழாயின் மேல் விழும். சட்டத்தின் பின்னால் 6 மில்லிமீட்டர் தாங்குதகடு, முன்னால் சாக்கிள் (கயிற்றைக் கோக்கும் இரும்பு வளையம்) மாட்டும் காது, இவற்றைச் சேர்க்க நான்கு எம்12 போல்ட்டுகள். போல்ட் விஷயத்தில் மீன்பிடித் துறைமுகத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி, “எஸ்.எஸ். போட்ருங்கண்ணே, துருவே பிடிக்காது” என்று உறுதியாகச் சொன்னார். படகுக்கு அது பொருந்தும், இந்த இடத்துக்குப் பொருந்தாது. காரணம் இரண்டு. தலையில் 8.8 என்று பொறித்த போல்ட், சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை தாங்கி, 640-இல்தான் நிரந்தரமாக நீளத் தொடங்கும். கடைகளில் கிடைக்கும் வழக்கமான ஏ2-70 எவர்சில்வர் போல்ட் 700 வரை தாங்கினாலும் 450-இலேயே நீளத் தொடங்கிவிடும். இரண்டாவது காரணம், உப்பு ஈரத்தில் எவர்சில்வரும் சாதாரண இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி வினையில் அரிபடுவது இரும்பு. போல்ட் புதிதாகவே இருக்கும், அதைச் சுற்றியுள்ள சேஸிஸ் போய்விடும். ஆனியில் நான் பட்டது அதே நிலைமை. ஆகவே துத்தநாக முலாம் பூசிய 8.8 போல்ட்டுகளை வாங்கி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரில் 80 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். தலையில் எந்த எண்ணும் பொறிக்காத போல்ட்டை இழுவைக் கொக்கியில் மாட்டவே கூடாது. இறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து தகடு வரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தேன். நட்டு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

பூச்சு வேலையில், பாஸ்பாரிக் அமிலக் கலவையால் மீதித் துருவை மாற்றி, துத்தநாகப் பிரைமர், அதன்மேல் எபாக்சி என்று இரண்டு கோட்டிங், குழாய்களின் உட்புறத்துக்கு நீண்ட நாசில் வழியாக மெழுகுத் திரவம் ஆகியவற்றைக் கொடுத்தேன். வடிதுளைகளைப் பூச்சு அடைக்காதபடி ஒவ்வொன்றிலும் தீக்குச்சி செருகி வைத்திருந்து, காய்ந்ததும் எடுத்தேன். பழைய என்ஜின் ஆயிலை அடியில் அடிக்கும் வழக்கம் நம் பக்கத்தில் பரவலாக இருக்கிறது. அது ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும், மணலைப் பிடித்துவைக்கும், சொட்டுகிற மண்ணையும் பாழாக்கும் என்பதால் அதைச் செய்யவில்லை.

அடுத்தது அச்சுகள். முன் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியலின் வடிபோல்ட்டைத் திறந்தபோது பால் கலந்த தேநீர் நிறத்தில் ஆயில் வந்தது. ஓடிச் சூடான அச்சு சட்டென்று தண்ணீரில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். அந்தச் சுருக்கத்துக்கு ப்ரீத்தர் என்ற காற்றுத்துளை வழியாகவோ ஆயில் சீல் ஓரமாகவோ வெளியிலிருந்து எதையாவது இழுத்தாக வேண்டும். ப்ரீத்தர் அச்சின் தலையிலேயே இருந்தால் அது இழுப்பது தண்ணீரை. மலிவான ஆயிலை ஊற்றிச் சில கிலோமீட்டர் ஓட்டி வடித்து, இரண்டாம் முறையும் அப்படியே செய்து, மூன்றாவதாக முறையான 80–90 கியர் ஆயிலை நிரப்பினேன். ப்ரீத்தர்களில் 8 மில்லிமீட்டர் எரிபொருள் குழாயை மாட்டி, முன்னதை என்ஜின் அறையின் மேல்சுவர் வரையும், பின்னதைப் பின்விளக்குக் குழிக்குள்ளும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். நான் செய்த எல்லாவற்றிலும் செலவு குறைந்தது இதுதான். அதிகப் பலன் தந்ததும் இதுவே என்று நம்புகிறேன். முன் சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிள் உருண்டைக்குள் இருந்த கிரீஸும் வெளுத்திருந்தது. இரண்டு பக்கமும் பிரித்து, கிங்பின் பேரிங்குகளையும் துடைப்பு சீல்களையும் மாற்றினேன். ஸ்பிரிங் பட்டைகளைப் பிரித்து, இடையில் பிடித்திருந்த துருவைத் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் தடவிக் கட்டியதில், உயர்த்தாமலேயே வண்டி மேடுபள்ளத்தில் மென்மையாக ஏறி இறங்கத் தொடங்கியது. விளக்குகளில் கை வைக்கவில்லை. இரவில் ஓட்டும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

டயருக்கு வருகிறேன். பெரிய டயர் எதற்கு என்று கேட்டால் மணலில் புதையாமலிருக்க என்பார்கள். அதே டயரில் காற்றைக் குறைத்தால் என்ன கிடைக்கிறது என்பதை வீட்டு வாசலில் அளந்து பார்த்தேன். முன் சக்கரத்தைத் தூக்கி, கீழே தகரத் தகடு வைத்து, டயரில் நனைந்த சுண்ணாம்பைத் தடவி இறக்கி, மீண்டும் தூக்கிப் பதிவை அளந்தேன். 26 பவுண்டு காற்றழுத்தத்தில் பதிவின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர், 15 பவுண்டில் சுமார் 19. அகலம் ஒரு சென்டிமீட்டர்கூடக் கூடவில்லை. காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகும் என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அது நீள்கிறது, கட்டைவண்டிச் சக்கரமாக இருந்தது சங்கிலிப் பட்டைபோல் ஆகிறது. அதே எடை ஒன்றரை மடங்குக்கும் மேலான பரப்பில் பரவுவதால், மணலை வெட்டாமல் மேலேயே நடக்கிறது. என் வண்டிக்குச் சாலையில் 26, பொலபொலவென்ற மணலில் 15, மாட்டிக்கொண்டால் 12. அதற்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டு நழுவும். குறைத்த காற்றில் 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது, ஸ்டியரிங்கைச் சடாரென ஒடிக்கவும் கூடாது. காலை நிழலில் 15 வைத்தால் உச்சி வெயிலில் ஓடி 18 காட்டும். அதைப் பார்த்து மறுபடி குறைத்தால், குளிர்ந்தபின் டயர் சப்பையாகிவிடும். ட்யூப் போட்ட டயராக இருந்தால் இந்தக் கணக்கே வேறு: காற்று மிகவும் குறைந்தால் டயர் ரிம்மின்மேல் வழுக்கி, ட்யூபின் வால்வைக் கிழித்துவிடும்.

கயிறுகளையும் இந்த ஆறு மாதத்தில் பிரித்து வைத்தேன். நம் கரையில் கயிற்றுக்குப் பஞ்சமில்லை என்பதே ஒரு சிக்கல். யார் வண்டியைத் திறந்தாலும் படகிலிருந்து வந்த ஒரு கயிறு இருக்கும். வலைக்கும் படகுக்கும் பயன்படும் பாலிப்ரொப்பிலீன் கயிறு நைலான் அளவுக்கு நீளாது; வெடுக்கென்று இழுத்தால் விசை முழுவதும் ஒரே கணத்தில் கொக்கிக்குப் போகும். வெயிலில் கிடந்து நரைத்த கயிறு எவ்வளவு தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நைலான் இழுவைக் கயிறு ரப்பர்போல் நீண்டு விசையை மெல்லக் கொடுக்கிறது. அதில் ஒன்று, வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக இழுக்க ஒரு பெல்ட், தயாரித்தவர் 4.75 டன் என்று பொறித்த இரண்டு சாக்கிள்கள், கயிற்றின் நடுவில் போட்டு வைக்க ஒரு கனத்த சாக்கு. கயிறு அறுந்தால் சாக்கின் எடை அதைத் தரைக்கு இழுக்கும். ஜாக்கிக்குக் கீழே வைக்க, படகு கட்டும் இடத்திலிருந்து 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் துண்டை வாங்கி 40 சென்டிமீட்டர் சதுரமாக அறுத்தேன்.

இனிப் பயணத் திட்டம். கடற்கரை மணலில் ஓட்டலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்டார்கள். அந்தக் கேள்வியை முதல் கூட்டத்திலேயே முடித்துவிட விரும்பினேன். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) கரையேறி முட்டையிடும் காலம். மணலுக்குள் இருக்கும் முட்டைக்குழியின் மேல் சக்கரம் ஏறினால் மேலிருந்து ஒன்றும் தெரியாது. மணல் மேடுகளைக் கலைப்பதைக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் தடுக்கின்றன. தென்பக்கம் மன்னார் வளைகுடா, 1986-இல் அறிவிக்கப்பட்ட 21 தீவுகள் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா. அந்தப் பக்கம் தடம் பதிக்க நமக்கு எந்த வேலையும் இல்லை. இவை எல்லாவற்றுக்கும் மேல், கரைவலை இழுக்கிறவர்களின் கயிறும் படகுகளும் கிடக்கும் இடம் அவர்களுடைய தொழிற்களம். கண்மாய்க் கரைகளையும் விலக்கினோம். ஐந்து வண்டி ஏறி இறங்கினால் கரையில் விழும் சக்கரத் தடம், ஐப்பசி மழையில் உடைப்பாக மாறும். உவர்நிலத்தை நான் என் அனுபவத்தால் விலக்கினேன்.

மிஞ்சியது சாயல்குடிக்கு மேற்கே, பட்டா நிலமான ஒரு பனங்காடும், அதையொட்டி மணல் ஓடை ஒன்றும், சீமைக் கருவேலங்காட்டுக்குள் கரிமூட்டம் போடுகிறவர்களின் லாரித் தடங்களும். நிலத்துக்காரர் எழுபது வயதுப் பெரியவர். இரண்டு முறை நேரில் போய்ப் பேசினோம். அவர் கேட்டது ஒன்றுதான்: “மரத்து மூட்டுல ஏத்திறாதீக தம்பி. வடலி சின்னதா இருக்கையில புல்லு மாதிரித்தான் தெரியும்.” அதற்காகவே ஒரு வாரம் முன்னால் மூன்று பேர் நடந்துபோய், வடலி (இளம் பனை) முளைத்த இடங்களைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டினோம். பதநீர் இறக்கும் காலம் சூடுபிடித்தால் விடியலிலும் மாலையிலும் ஏறுகிறவர்களின் நடமாட்டம் இருக்கும். மழைக்காலத்தில் ஓடையில் நீர் ஓடும். இரண்டுக்கும் இடைப்பட்ட மாசி முதல் ஞாயிறு முடிவாயிற்று. அப்போது மணலுக்குள் ஈரம் மீந்திருக்கும், சக்கரம் கொஞ்சம் பிடிக்கும்.

வண்டிகள் ஐந்து. என் ஜிப்சி, பரமக்குடித் தம்பியின் ஜிப்சி, மண்டபத்து நண்பரின் தார், கீழக்கரைக் காக்காவின் (அண்ணனை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) மாருதி ஜிம்னி, முதுகுளத்தூர் அண்ணனின் பழைய மஹிந்திரா மேஜர். மேஜரில் ட்யூப் டயர் என்பதால் 20 பவுண்டுக்குக் கீழே போவதில்லை என்றும், அதனால் மணல் ஏற்றத்தை அது சுற்றிப் போகும் என்றும் முன்னரே பேசிக்கொண்டோம். எடை கூடிய தார் நடுவில், கயிறும் சாக்கிளும் கடைசி வண்டியில். திருப்பங்களில் பின்னால் வருகிறவர் கண்ணில் படும்வரை நிற்பது ஒவ்வொருவர் பொறுப்பு. இந்த ஒரு விதியைக் காத்தால் யாரும் காட்டுக்குள் வழி தவற மாட்டார்கள். பேச்சுக்கு, உரிமம் தேவைப்படாத 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக் கருவி. கடலோரம் கண்காணிப்பு மிகுந்த பகுதி என்பதால், வண்டி எண்களும் ஓட்டுநர் விவரமும் எழுதிய தாளை உள்ளூர்க் காவல் நிலையத்தில் முன்தினமே கொடுத்தோம். மணல்வெளியிலும் கருவேல அடியிலும் சுருட்டை விரியன் இருக்கும். ஆகவே மாட்டிக்கொண்ட வண்டிக்குக் கீழே கையை விடுமுன் மண்வெட்டியால் தட்டுவது, முழங்கால் வரை மூடும் பூட்ஸ் போடுவது, கடிபட்டால் கட்டுப்போட்டு இறுக்காமல், காலை அசைக்காமல் இராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு நேரே கொண்டுபோவது என்று எழுதி ஒவ்வொரு வண்டியிலும் ஒட்டினோம். ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர். பிற்பகல் 2 மணிக்கு எங்கே இருந்தாலும் வண்டியைத் திருப்பிவிடுவது.

காலை ஆறரைக்குச் சாலையோரம் காற்றை இறக்கினோம். வால்வு முள்ளைக் கழற்றி இறக்கினால் ஒரு டயருக்கு அரை நிமிடம் போதும். முள் மணலில் விழுந்தால் கிடைக்காது என்பதால் கீழே துண்டு விரித்துக்கொண்டோம். முதல் மணி நேரம் கரிலாரித் தடத்தில் சிரமமின்றிப் போயிற்று. ஓடைக்குள் இறங்கி எதிர்க்கரை ஏறும்போது தார் நின்றது. ஓட்டியவர் ஏறிவிடலாம் என்று ஆக்ஸிலேட்டரை அழுத்த, நான்கு சக்கரமும் சுழன்று, ரிம் மூடும் வரை புதைந்தது. சக்கரம் சுழலும் ஒவ்வொரு நொடியும் அது தனக்குக் குழி தோண்டுகிறது. கருவியில் நிறுத்தச் சொன்னேன். ஆனியிலானால் உடனே பெல்ட்டை மாட்டியிருப்போம். ரிம் வரை புதைந்த வண்டியை இழுக்க ஏறத்தாழ அதன் எடைக்குச் சமமான விசை தேவைப்படும் என்பது மீட்பு வேலையில் உள்ளவர்களின் பொதுக் கணக்கு. ஆகவே முதலில் மண்வெட்டி. சக்கரங்களுக்கு முன்னால் சரிவாக மணலை வெட்டி, அடிப்பாகம் தட்டிய திட்டை எடுத்து, 18-இல் இருந்த காற்றை 14 ஆக்கினோம். உதவிக்கு வந்த ஒருவர் பக்கத்தில் கிடந்த பனை மட்டைகளை அள்ளி வந்தார். அதன் கருக்கு டயரின் பக்கச்சுவரை அரம்போல் அறுக்கும் என்பதால் விலக்கிவிட்டு, சாக்குகளை மடித்துப் போட்டோம். நான்கு சக்கர இயக்கத்தின் லோ ரேஞ்சில் இரண்டாம் கியர் போட்டு மெல்ல விட்டதும், கயிறே தேவைப்படாமல் தார் மேலே ஏறியது. முழுவதும் இருபது நிமிட வேலை.

கயிறு தேவைப்பட்டது பதினோரு மணிக்கு. பனங்காட்டின் தாழ்வான மூலையில், மழைநீர் வற்றி ஈரம் மீந்திருந்த இடத்தில் பரமக்குடித் தம்பியின் ஜிப்சி சறுக்கி இறங்கிவிட்டது. கடப்பாரையால் குத்திப் பார்த்ததில் முக்கால் அடிக்குக் கீழே தரை கெட்டியாக இருந்தது, உளை இல்லை. தோண்டியபின் என் வண்டியைக் கெட்டி மணலில் நிறுத்தி, என் பின்கொக்கியிலிருந்து அவர் முன்கொக்கிக்கு நைலான் கயிற்றை மாட்டி, நடுவில் சாக்கைப் போட்டேன். எல்லோரையும் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கச் சொன்னோம். மண்டபத்து நண்பரின் மகன் இந்த முறையும் வந்திருந்தான். அவனைத் தூரத்துப் பனைக்குப் பின்னால் அப்பாவோடு நிற்க வைத்த பிறகே வண்டியில் ஏறினேன். முதல் இழுப்பில் கயிறு நீண்டது, வண்டி அசையவில்லை. இரண்டாம் இழுப்பில், கயிறு சுருங்கும் விசையில், அவர் வண்டி மெதுவாகப் பின்தொடர்ந்து வந்தது. இறங்கிப் போய்க் கொக்கியைத்தான் முதலில் பார்த்தேன். நான்கு நட்டுகளின் மீதிருந்த வெள்ளைக் கோடுகளும் உடையாமல் இருந்தன.

2 மணிக்கு முன்பே திரும்பிவிட்டோம். கருவேல முள் ஐந்து பஞ்சர் தந்தது. நான்கு ஓடுபரப்பில், அவற்றை ரப்பர் ஸ்ட்ரிப் செருகி அடைத்தோம். ஜிம்னியில் ஒன்று மட்டும் பக்கச்சுவரில் ஏறியிருந்ததால் ஸ்டெப்னி மாற்றினோம். பக்கச்சுவரில் ஸ்ட்ரிப் நிற்காது. சாலையோரம் இரண்டு கம்ப்ரஸர்களை வைத்து ஐந்து வண்டிக்கும் காற்று நிரப்ப முக்கால் மணி நேரம் பிடித்தது. இந்த நேரத்தைத் திட்டத்தில் நான் சேர்க்கவில்லை. அடுத்த முறை சேர்க்க வேண்டும். காற்று நிரம்பும் இடைவெளியில் சிவப்புத் துணிகளை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, பெரியவரை அழைத்து வந்து தடங்களைக் காட்டினோம். வடலிகளைச் சுற்றி ஒரு வட்டம் நடந்துவிட்டு, தலையசைத்துப் போனார்.

மறுநாள் காலை வண்டியைக் கழுவி, மூன்று நாள் கழித்து வடிபோல்ட்டுகளைத் திறந்தேன். முன் அச்சிலும் பின் அச்சிலும் ஆயில் தேன் நிறத்தில், தெளிவாக வந்தது. நக்கிள் கிரீஸ் நிறம் மாறவில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு மறுபடி சேஸிஸ் முழுவதும் தட்டிப் பார்த்ததில், இடப்பக்க முன் பாடித் தாங்கிக்கு மேலே, ஆடியில் கணீரென்று ஒலித்த ஓரிடத்தில் சத்தம் சற்று மந்தமாகக் கேட்கிறது. சாக்கட்டியால் வட்டமிட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன். வரும் வாரம் அந்த இடத்துப் பாடி போல்ட்டைக் கழற்றிப் பார்க்கப் போகிறேன்.